சம்பந்தி தலையில் ஒரு கண்மாய்

"வாசல்ல நிக்க வச்சாங்க ஜமீலா, வாசல்ல! பன்னீர்ச் செம்பைத் தூக்க ஒரு ஆள் இல்ல—"

"இருநூத்தியோரு அதிரசம்! கை கடுக்கக் கடுக்கச் சுட்டு—"

"—வேகாத வெயில்ல இருபது நிமிசம்! கட்டின பட்டு வேட்டியெல்லாம் வேர்வையில நனைஞ்சு—"

"—ஒருத்தர் எடுத்து வாயில வைக்கலம்மா! வேன்லயே கிடந்து எறும்பு மொச்சு—"

"டீச்சர்! ஐயா! ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க." ஜமீலா ஸ்க்ரூடிரைவரை மேசையில் தட்டினாள். "நான் பாக்குறது லேப்டாப் ரிப்பேர். கல்யாண ரிப்பேர் இல்ல."

இருவரும் நிறுத்தினார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தனபாக்கியம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். உடையணன் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். பதினொரு வருஷமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. சண்டை போடுவதென்றால்கூட நடுவில் யாரையாவது நிறுத்தி, அவர்களிடம் சொல்வதுபோலத்தான் போட முடியும்.

தனபாக்கியம் பெண்ணைப் பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஜமீலாவுக்கு மழையளவு மானி செய்யச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். உடையணன் பையனைப் பெற்றவர். கரண்டு கம்பத்தில் ஏறி இறங்கியே தலை நரைத்தவர். இவர்களுக்கு நடுவே, பக்கத்துப் பாத்திரக்கடையில் இரவல் வாங்கிய ஸ்டூலில் இளமதி உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கு மகள், இன்னொருவருக்கு மருமகள். "செல்போனைக் காட்டிட்டு வந்துருவோம் மாமா" என்று பொய் சொல்லி மாமனாரை இங்கே இழுத்து வந்தவள்.

"முதல்ல லேப்டாப்பைச் சொல்லு ஜமீலா," என்றாள் இளமதி. "பிழைக்குமா?"

"ஹார்டு டிஸ்க்கு போச்சுக்கா. உள்ள தட்டு பூரா கீறல். டீச்சர், கேக்குறேன்னு கோவிச்சுக்கக் கூடாது. இதுக்குள்ள சந்தனம் எப்படி வந்துச்சு?"

"ஆயுத பூசைக்கு வைக்கிறதுதான்."

"எங்க வைப்பீங்க?"

"பக்கத்துல சின்னச் சின்னதா கோடு கோடா இருக்கே, அங்க. வாகா மூணு பட்டை இழுத்து நடுவுல குங்குமம் வைக்கலாம்."

"அதுதான் டீச்சர் அது மூச்சு விடுற இடம்."

"எனக்கென்ன தெரியும்? வருசா வருசம் குறையில்லாம வச்சேன்."

"அதான் வருசா வருசம் மூச்சு முட்டியிருக்கு. சூட்டுல வெந்துருச்சு. டிக்கு டிக்குன்னு சத்தம் வந்திருக்குமே?"

"வந்துச்சு. நான் பல்லின்னு நினைச்சேன்."

உடையணன் மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தார். "சகுனம் வேற பாத்திருப்பாங்க, கேளும்மா."

"ஜமீலா, இங்க யாரும் யாரையும் அபிப்பிராயம் கேக்கலைன்னு சொல்லு," என்றார் தனபாக்கியம். கோபம் வந்தால் அவருக்கு இப்போதெல்லாம் மனு நடை வந்துவிடும். "மேற்படி நபர் இந்த விசயத்துல தலையிட எந்த முகாந்திரமும் இல்லைன்னும் சொல்லு."

"டீச்சர், மேற்படி நபர் தலையிட வேணாம். அவர் தலைதான் வேணும்."

உண்மை அதுதான்.

முன்பெல்லாம் ஊர்ப்பட்ட படமும் பத்திரமும் எங்கோ தூரத்துப் பெரிய கட்டடங்களில் கிடந்தன. அந்தக் கட்டடங்களுக்குச் சூடு பிடிக்கும்; சூடு தணிய ஏரி ஏரியாகத் தண்ணீர் கேட்கும். ஒரு கோடையில் ஜனங்கள் காலிக் குடத்தோடு போய் உட்கார்ந்து அவற்றை மூட வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் ஆள்காப்பு. காதுக்குப் பின்னால் அரிசியளவு ஒரு பொட்டு. உங்கள் லேப்டாப்பில் உள்ளதன் நகல் நம்பிக்கையான இன்னொரு ஆளின் தலைக்குள் இருக்கும். இருவரும் போனில் பேசினால் போதும், அந்த வாரம் சேர்ந்தது பேச்சோடு பேச்சாகப் போய்ச் சேர்ந்துவிடும். வைத்திருப்பவருக்குப் பாரமும் தெரியாது, படிக்கவும் தெரியாது. மனுஷத் தலையில் எவ்வளவோ இடம் சும்மாதானே கிடக்கிறது என்றார்கள்.

"நம்பிக்கையான ஆள்னு கேட்ட இடத்துல ஏன் டீச்சர் ஐயா பேரைப் போட்டீங்க?"

"நிச்சயத்தன்னைக்குத் தட்டு மாத்தினோம். கூடவே அதையும் மாத்திக்கிறது வழக்கம்தானே. எல்லாரும் சுத்தி நின்னு பாக்குறாங்க, ஐயர் வேற காத்துக்கிட்டு இருக்காரு. வேற பேரைப் போட்டா என்ன நினைப்பாங்க? மரியாதைக்குப் போட்டேன்."

"நானும் மரியாதைக்குத்தான் போட்டேன்," என்றார் உடையணன், விசிறியிடம்.

"கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தியிருக்கலாமே?"

"மாத்தணும்னா அவர் கையெழுத்து வேணும். கையெழுத்து வாங்கணும்னா அவர்கிட்டப் பேசணும்."

இளமதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நாளைக் காலை பதினோரு மணிக்கு விசாரணை. வேலாங்குளம் கண்மாய் பத்து வருஷமாக வறண்ட தரிசு, அங்கே ஒரு சேமிப்புக் கிடங்கு கட்டிக்கொள்கிறோம் என்று ஒரு கம்பெனி கேட்டிருந்தது. பழையபடி ஊர் உலகத்து நகலையெல்லாம் வைக்கிற கட்டடம். தண்ணீரை வேறெங்கிருந்தோ குழாயில் கொண்டுவருவார்களாம். அதிகாரிகளின் அளவுகோலை ஒரு எருமை முதுகு சொறிந்தே சாய்த்துப் பல வருஷம் ஆயிற்று. வாரம் தவறாமல் மடைக்கல் ஓரம் கம்பை ஊன்றிக் கண்மாயின் தண்ணீரை அளந்து வைத்திருந்தது தனபாக்கியம் ஒருவர்தான். மண்வாரி இயந்திரம் கரைக்கு வந்தபோது பதினான்கு பக்க மனு ஒன்றை எழுதி அதைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான். அளவெல்லாம் லேப்டாப்பில் இருந்தது. லேப்டாப் இப்போது ஜமீலாவின் மேசையில் வயிறு திறந்து கிடந்தது.

"சரி, ஐயா இப்படி உக்காருங்க." ஜமீலா ஒரு பட்டையை எடுத்து உடையணனின் பிடரியில் ஒட்டினாள். மேசையில் சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "டீச்சர், நீங்க கேக்கணும். ஐயா தரேன்னு சொல்லணும். சொன்னா பச்சை எரியும்."

"ஜமீலா, அவர்கிட்டக் கேளு, என் கண்மாய்க் கணக்கைத் தரச் சொல்லி."

சிவப்பு.

"நான் கேட்டா ஏத்துக்காது டீச்சர். நடுவுல ஆள் வச்சுப் பேசினா திருட்டுன்னு நினைச்சுக்கும். நீங்களே கேக்கணும். அதுவும் நிச்சயத்தன்னைக்கு என்ன முறை சொல்லிக் கூப்பிட்டீங்களோ, அப்படியே."

தனபாக்கியம் காலண்டரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "சம்பந்தி," என்றார் காலண்டரிடம்.

சிவப்பு.

"மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும் டீச்சர்."

"மூஞ்சியைப் பாத்தா எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருது! வேகாத வெயில்ல—"

"ஆரம்பிச்சுட்டாங்க பாரும்மா. எனக்கு மட்டும் இல்லையா? விடிய விடிய உக்காந்து, முதுகு ஒடியப் பாகு காய்ச்சி—"

"—மேளக்காரங்க முன்னாடி, சொந்தபந்தம் முன்னாடி, வாங்கன்னு சொல்ல—"

"—பச்சரிசி இடிச்சு, வெல்லம் பதம் பாத்து, ஒவ்வொண்ணா எண்ணி ஓலைப்பெட்டியில அடுக்கி—"

"மாமா," என்றாள் இளமதி.

"நீ சும்மா இரும்மா. இன்னைக்குப் பேசித்தான் தீரணும்."

"மாமா, ஒரே ஒரு கேள்வி. அதிரசம் சுட்டது யாரு?"

"நான்தான்!"

"உங்களுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமா?"

உடையணன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு அதிரசம் சுட்டது எங்கம்மா. சீர்த்தட்டோட வந்துச்சு. வேன்லயே விட்டுட்டு வந்தது நம்ம வீட்டு ஆளுங்க." இளமதி இப்போது அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. மண்டபத்து வாசல்ல வெயில்ல நின்னது யாரு?"

"நாங்கதான். நானும் என் தம்பிமாரும்…"

"நாம பொண்ணு வீடும்மா. நாம மண்டபத்துக்கு உள்ள இருந்தோம். பன்னீர் தெளிக்க வேண்டியதே நாமதான். வாசல்ல நின்னது மாப்பிள்ளை வீடு. நீ எப்பம்மா பட்டு வேட்டி கட்டுன?"

கடைக்கு வெளியே ஒரு பஸ் நின்று, ஆள் ஏற்றி, கிளம்பிப் போனது.

"பதினொரு வருசமா ரெண்டு வீட்லயும் நீதான மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு இருந்த? உனக்குத் தெரியலையா?" என்றார் தனபாக்கியம், குரலில் பாதி இல்லாமல்.

"யாரும்மா காது குடுத்துக் கேட்டா? கல்யாணச் சண்டையை நீங்க எடுத்தாலே எனக்கு அடுப்புல என்னமோ வச்சது ஞாபகம் வந்துரும். இன்னைக்குத்தான் ரெண்டையும் ஒரே இடத்துல ஒண்ணா கேக்குறேன்."

ஜமீலா மெல்லக் கேட்டாள். "நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்பப் பேசினீங்க?"

"கல்யாணம் முடிஞ்சு எட்டாம் நாள்," என்றார் உடையணன். "போன்ல. இனி நமக்குள்ள பேச்சே கிடையாதுன்னு சொல்றதுக்கு."

"அன்னைக்கு லேப்டாப்ல ஏதாச்சும் எழுதி வச்சிருந்தீங்களா?"

"நான் ஒரு புகார் எழுதி வச்சேன்," என்றார் உடையணன். "பதினாலு பக்கம். வரவேற்பில் நேர்ந்த அவமதிப்பு குறித்து. யாருக்கு அனுப்புறதுன்னு தெரியாம அப்படியே வச்சிட்டேன்."

"நான் அந்த வாரத்து அளவுக்குப் பக்கத்துல, குறிப்புன்னு ஒரு கட்டம் உண்டு, அதுல…" தனபாக்கியம் நிறுத்தினார். "அதிரசம் பத்தி ரெண்டு வரி எழுதினேன்."

"போச்சு," என்றாள் ஜமீலா. "சண்டை போட்ட அந்த போன்லதான் ஐயாவோட புகார் டீச்சருக்கும், டீச்சரோட அதிரசம் ஐயாவுக்கும் மாறியிருக்கு. வாராவாரம் பேசிக்கிட்டே இருந்தா புதுசு வந்து பழசை அமுக்கி வைக்கும். பேசாம விட்டா அப்படியே உள்ள கிடந்து ஊறும். ஊறினா கசியும். வச்சிருக்கவங்களுக்கு அது தன்னோட நினைப்புன்னே தோணிப்போகும். எங்கிட்ட வாரத்துக்கு ரெண்டு பேர் இப்படி வர்றாங்க. போன வாரம் ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரரோட மாமியாரை நினைச்சு அழுதுக்கிட்டு வந்தாரு."

"அப்ப இவ்வளவு நாளா நான் பட்ட கோவம்…"

"ஐயாவோடது டீச்சர்."

"என்னுது?"

"டீச்சரோடது."

தனபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பெரிய அவமானமும் வந்தது. பெண்ணைப் பெற்றவள் தானே பன்னீர் தெளிக்க மறந்துவிட்டு, தானே அதற்காகப் பதினொரு வருஷம் கோபப்பட்டிருக்கிறாள். நியாயமான கோபம்தான். ஆனால் படவேண்டியவர் வேறு. முதல்முறையாக அவர் உடையணனின் முகத்தைப் பார்த்தார். வழுக்கை ஏறி, காதில் முடி முளைத்து, வயதாகியிருந்தது.

"சம்பந்தி," என்றார். "என் கண்மாய்க் கணக்கு உங்ககிட்ட இருக்கு. தருவீங்களா?"

சிவப்பு விளக்கு மஞ்சளானது.

"பாதி வழி வந்துருச்சு. ஐயா தரேன்னு சொன்னா பச்சை," என்றாள் ஜமீலா. "ஆனா ஒண்ணு சொல்லிடுறேன் டீச்சர். கடைசி போன் வரைக்கும்தான் இருக்கும். அதுக்கப்புறம் நீங்க அளந்தது எதுவும் ஐயாவுக்கு வந்து சேந்திருக்காது."

தனபாக்கியம் கைப்பிடி இல்லாத நாற்காலியின் கைப்பிடியைத் தேடினார். "எனக்கு வேண்டியது கடைசிப் பத்து வருசம்தானே."

"வேற எங்கயும் எழுதி வைக்கலையாம்மா?" இளமதி கேட்டாள்.

"எழுதினதை அன்னைக்கே ஏத்திட்டு, தாளை வடை எண்ணெய் வடியப் போட்டுருவேன்."

"இருக்கு," என்றார் உடையணன்.

"என்ன மாமா இருக்கு?"

"அதுக்கப்புறமும் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை நாலடி ஒரு அங்குலம்."

தனபாக்கியம் எழுந்தே விட்டார். "நான் சனிக்கிழமை சாயந்தரம் அளந்தேன். நாலடி ரெண்டு. ஒரு அங்குலம் மடை வழியா இறங்கியிருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அளந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு எனக்குக் கால் நிக்காது. கல்யாணம் முடிஞ்ச மறு மாசத்துலேருந்து அப்படித்தான். டீ குடிக்கப் போறேன்னு கிளம்புவேன், கண்மாய்ல போய் நிப்பேன். மடைக்கல் சந்துல ஒரு மூங்கில் கம்பு இருக்கும். யாரு வச்சதோ தெரியாது."

"நான் வச்சது! அது வாராவாரம் தலைகீழா இருக்கும். ஆட்டுக்கிடை போடுறவங்க வேலைன்னு நினைச்சேன்."

"தலைகீழா வச்சாத்தான் ஈரம் வடியும்."

"ஒருநாள் உங்களை அங்க தூரத்துல பாத்தேன். என்னை வம்புக்கு இழுக்கத்தான் வந்து நிக்கிறீங்கன்னு நினைச்சேன். அதுலேருந்துதான் ஞாயித்துக்கிழமையை விட்டுட்டுச் சனிக்கிழமைக்கு மாறினேன்."

"அளந்ததை எங்க ஐயா எழுதுவீங்க?" என்றாள் ஜமீலா.

"எங்க எழுதினேன்? பாத்தா மனசுல நின்னுக்கும். எனக்கே ஆச்சரியமா இருக்கும்."

ஜமீலா பெட்டியின் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. "ஆமா டீச்சர். உங்க கணக்கு முடிஞ்ச இடத்துலேருந்து அப்படியே தொடருது. வாரம் தவறாம ஐந்நூத்தி எழுபத்திரண்டு ஞாயிறு."

இளமதி அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஆனா," என்றாள் ஜமீலா. அவளுக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "எடுத்தா நகல் அங்க தங்காது. வேரோட வந்துரும். உங்களுதும் அவரளந்ததும் ஒரே கொடியா பின்னிக் கிடக்கு. பிரிக்க என்கிட்ட வழி இல்ல."

"வேரோடன்னா?" உடையணன் கேட்டார்.

"கண்மாய் பத்தி உங்ககிட்ட என்ன இருக்கோ, எல்லாம்."

"அதிரசமும் போயிருமா?"

"போயிரும்."

"அது போகட்டும், நல்லதுதான். கண்மாயுமா?"

"ஆமாய்யா."

"அங்க போகணும்னு ஒரு இது வருதே, அது?"

"அது உங்க ஆசை இல்லையேய்யா. டீச்சரோடது கசிஞ்சு வந்ததுதான்."

உடையணன் பிடரியில் ஒட்டிய பட்டையைத் தடவிப் பார்த்தார். "எனக்கு வேற ஒண்ணும் கிடையாதும்மா," என்றார். யாரிடம் என்றில்லாமல். "நாப்பது வருசம் கம்பத்து மேலயே இருந்தேன். எந்த ஊரையும் உச்சியிலேருந்துதான் பாத்திருக்கேன். தண்ணிக்குள்ள முழங்கால் வரைக்கும் இறங்கினது இந்தக் கண்மாய்லதான். நின்ன இடத்துலேருந்து எட்டி மடைப் பள்ளத்துல கம்பை ஊனி எடுத்ததும், ஈரம் ஏறின இடத்தைப் பெருவிரலால அழுத்திப் பிடிச்சுக்கணும். விரலை எடுக்காமக் கரைக்கு வந்து எண்ணணும். எடுத்தா அன்னைக்கு வந்ததே வீண். ஒருதடவை பாம்பு போச்சு, அப்பவும் விரலை எடுக்கலை. வாரத்துல அந்த அஞ்சு நிமிசம்தான் நான் யார் மேலயும் புகார் எழுதணும்னு நினைக்கிறதில்ல."

"வாயால சொல்லுங்க மாமா, நான் எழுதிக்கிறேன்," என்றாள் இளமதி. "எடுக்கவே வேணாம்."

அவர் கண்ணை மூடினார். "போன வாரம் நாலு ஒண்ணு. அதுக்கு முந்தி நாலு ரெண்டரை. அதுக்கு முந்தி… நாலு மூணு. மூணா? அது கலுங்கு வழிஞ்ச வாரமா, அடுத்த வாரமா?" கண்ணைத் திறந்தார். "ஐந்நூத்தி எழுபத்திரண்டையும் தேதியோட சொல்ல என்னால முடியாதும்மா. ஒண்ணு தப்பினாலும் எல்லாமே பொய்யின்னுருவாங்க."

"வேணாம் சம்பந்தி," என்றார் தனபாக்கியம் திடீரென்று. "நான் வேற ஏதாவது வழி பாக்குறேன். இன்னொரு மனு எழுதுறேன்."

"மனு எழுதுறதை என்கிட்டச் சொல்றீங்களா? அது என் சரக்கு. வெறும் மனு ஒரு தடவைதான் நிக்கும். ரெண்டாவது தடவை அளவு காட்டணும்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்மாய் இல்லாமப் போனா அப்புறம் எனக்கு அதோட நினைப்பு எதுக்கு? கண்மாய் இருக்கட்டும். தரேன் சம்பந்தி, எடுத்துக்கோங்க."

பச்சை எரிந்தது.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிரிண்டர் தாள் தாளாகத் துப்பியது. உடையணன் கொட்டாவி விட்டார். ஒருமுறை தும்மினார். பிறகு எதிரே குவிந்த தாள்களை, பஸ்ஸில் பக்கத்து ஆளின் பேப்பரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்னம்மா இது, நம்பர் நம்பரா இருக்கு? ரேசன் கடையா?"

அவரே ஒரு தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார். "மூணடி எட்டு அங்குலம். குறிப்பு: இருநூற்றியோரு அதிரசம். ஒருவரும் தொடவில்லை. கை இன்னும் வலிக்கிறது." தாளை இறக்கினார். "ஐயோ பாவம். யாரும்மா அது?"

தனபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், உங்களுக்குள்ள இருக்குற ஐயாவோடதையும் எடுத்துறவா? ஒரு நிமிசம்தான் ஆகும்."

"வேணாம். நாளைக்கு அது எனக்கு வேணும்," என்றார் தனபாக்கியம்.

மறுநாள் அது வேண்டியிருந்தது.

விசாரணை அதிகாரி நல்ல மனுஷர்தான். தாள்களைப் புரட்டினார். "இதெல்லாம் ஒரு ஆளோட தலையிலேருந்து எடுத்ததுன்னு சொல்றீங்க. எப்படிம்மா நம்புறது?"

"மேற்படி அலுவலகத்தின் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைத் தயவுகூர்ந்து தெரிவிக்கவும் சார்."

அதிகாரி சங்கடமாகக் கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து, தூக்கத்தில் யாருடைய பட்டா எண்ணையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்காரர் எழுந்தார். டை கட்டிய இளைஞர். "அம்மா, உங்க நல்லதுக்குத்தான் கிடங்கே வருது. அது வந்துட்டா உங்க கணக்கை வைக்க சம்பந்தி தலை தேவைப்படாது. இந்தக் கசிவு, கோவம், ஒண்ணும் இருக்காது. நீங்க எது குடுத்தாலும் குடுத்தது குடுத்தபடி பத்திரமா இருக்கும்."

"குடுத்ததுதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சுப் போய்த் தண்ணியில இறங்காதே தம்பி."

அதிகாரி வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. அதிரசம் இருந்த வரி என்று தனபாக்கியத்துக்குத் தோன்றியது. பிறகு பேனாவைத் திறந்து, வேலாங்குளம் நீர்நிலைதான், கிடங்குக்கு வேறு இடம் பார்க்கவும் என்று எழுதி, தேதி போட்டார்.

கூடத்தின் கடைசி வரிசையில் உடையணன் உட்கார்ந்திருந்தார். மருமகள் கூப்பிட்டாள் என்று வந்திருந்தார். எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார். சுவரில் மாட்டியிருந்த கண்மாய்ப் படத்தைக் காட்டி, "நல்லா இருக்கே, இது எந்தப் பக்கம் இருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். தனபாக்கியம் அதைக் கேட்காதவர்போல் தாள்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

சனிக்கிழமை சாயந்தரம் அவர் கண்மாய்க்குப் போகவில்லை. இனி யாருக்கு ஒளிந்து போக வேண்டும்? ஞாயிறு காலை, புதிதாக வாங்கிய ஒரு நாற்பது பக்க நோட்டோடு கிளம்பினார். இந்தத் தடவை தாளைக் கிழிப்பதாக இல்லை. கரை ஏறும்போது காலில் பனி ஒட்டியது. வழியெல்லாம் மண்டைக்குள் அந்த மண்டபத்து வாசல் வந்து நின்றது. வெயிலும் பட்டு வேட்டியும் வேர்வையும் வந்தன. இப்போது அதற்கு அவருக்குக் கோபம் வரவில்லை. யாருக்காவது ஒரு செம்புப் பன்னீர் தெளிக்க வேண்டும்போல் இருந்தது.

மடைக்கல் சந்தில் கம்பு இல்லை.

தண்ணீருக்குள் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கையில் கம்பு.

"சம்பந்தி!"

உடையணன் திரும்பினார். திருவிழாவில் தொலைந்துபோனவரைப்போல முழித்தார். "வாங்க சம்பந்தி. நல்லவேளை, தெரிஞ்ச முகமா வந்தீங்க. டீ குடிக்கத்தான் கிளம்பினேன். கடையைத் தாண்டி வந்துட்டேன் போல. இது என்ன இடம்னு தெரியலை. தண்ணி சில்லுன்னு இருக்கு. இந்தக் கம்பு எப்படி என் கைக்கு வந்துச்சுன்னும் தெரியலை."

அவர் மெல்ல, ஒவ்வொரு அடியாக, கம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கரைக்கு வந்தார். ஈரம் ஏறிய இடத்தில் அவருடைய பெருவிரல் நகம் வெளுக்க அழுந்தியிருந்தது.

தனபாக்கியம் நோட்டைப் பிரித்தார். பேனாவைத் திறக்கக் கை வரவில்லை.

"இந்த இடத்தை இப்படி அழுத்திப் பிடிச்சிருக்கேன் சம்பந்தி. விரல் வலிக்குது, ஆனா எடுக்க மனசு வரமாட்டேங்குது. இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"